சொன்ன நேரத்துக்குச் செய்யும், சொல்லாமலும் நின்றுவிடும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. கடையிலோ வீட்டிலோ கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர்கள் பொறுமையாகக் கடைசிவரை வாசிக்க வேண்டுகிறேன்.

கம்ப்யூட்டரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, "இதைத் தினமும் ராத்திரி ஒன்பதரைக்குச் செய்" என்று சொல்லிவைக்கலாம். நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம். விண்டோஸில் இதற்கு டாஸ்க் ஷெட்யூலர் என்று பெயர், லினக்ஸில் க்ரான். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வருகிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்பத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆக, அந்த மடிக்கணினி வந்த வீடுகளில் எல்லாம் இந்த இரண்டு வேலைக்காரர்களும் வந்து இறங்கியிருந்தார்கள். பிள்ளைகள் படம் பார்த்தார்கள், பாட்டுக் கேட்டார்கள். இவர்களை எழுப்பி வேலை வாங்கியவர்கள் சொற்பம்.

க்ரான் பழைய ஆள். 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே உண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை கண்விழித்து, தன்னிடம் இருக்கும் பட்டியலைப் பார்த்து, "இந்த நிமிடத்துக்கு எனக்கு வேலை இருக்கிறதா?" என்று கேட்டுக்கொள்ளும். இருந்தால் செய்யும், இல்லாவிட்டால் மறுபடி தூங்கும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஐந்து இடங்கள். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. எதுவாக இருந்தாலும் சரி என்றால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

30 21 * * *

இப்படி எழுதினால் தினமும் இரவு 9.30.

30 9 * * 1-5

இது திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30. பள்ளிக்கூட மணி! இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் எங்கள் பள்ளியின் பியூன் மனதுக்குள் வைத்திருந்த பட்டியலை ஒரே வரியில் எழுதிவிட்டார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். சரஸ்வதி பூஜை செவ்வாய்க்கிழமை வந்தால் பியூன் மணி அடிக்க மாட்டார். அந்த வரி அடிக்கும். தானியங்கி மணி வைத்த ஒரு பள்ளியில், காலாண்டு விடுமுறை பூராவும் ஆளில்லாத வகுப்புகளுக்கு மணி அடித்துக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன்.

விண்டோஸில் இது 1995-இல் ப்ளஸ் என்ற கூடுதல் தொகுப்பில் சிஸ்டம் ஏஜெண்ட் என்ற பெயரில் வந்தது. பிறகு டாஸ்க் ஷெட்யூலர் ஆயிற்று. இதில் மணி பார்த்துச் செய்யும் வேலையும் வைக்கலாம், ஒரு காரியம் நடந்ததும் செய்யும் வேலையும் வைக்கலாம். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஓடு, நான் உள்ளே நுழைந்ததும் ஓடு என்று சொல்லலாம்.

நம் பக்கத்து விவசாயிக்கு இதெல்லாம் புதிய விஷயமே கிடையாது. மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். ராத்திரி முறை என்றால் முன்பெல்லாம் டார்ச் லைட்டோடு தோட்டத்துக்குப் போய் மோட்டார் போட வேண்டும். வரப்பில் பாம்பு கிடக்கும், மலையடிவாரத்தில் பன்றி நிற்கும். ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தபிறகு கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடுகிறது, மனுஷன் வீட்டில் தூங்குகிறான். ஆனால் கிணறு வற்றிக் கிடக்கும் நாளிலும் அது ஓடத்தானே செய்யும்? தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் கருகிவிடும். அதனால் தண்ணீர் இல்லையென்றால் நிறுத்திவிடும் கருவி ஒன்றையும் சேர்த்து மாட்டுகிறார்கள். தானாக ஓட ஒரு கருவி வாங்கினால், அது ஓடுவதைக் கவனிக்க இன்னொன்று வேண்டும் என்பது மோட்டார் வைத்திருப்பவனுக்குத் தெரிந்திருக்கிறது. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நாம்தான் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம், புளியங்குடியில் ஒரு எலுமிச்சைக் கமிஷன் கடையில் நடந்தது. கடைக்காரர் என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். பேர் வேண்டாம். எழுத அனுமதி கொடுத்திருக்கிறார், "நாலு பேருக்கு உதவட்டும் சார்" என்று.

புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், ஏலம் போகும், கேரளாவுக்கு லாரி ஏறும். தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எலுமிச்சை விவசாயிக்குக் கமிஷன் கடைதான் பாதி பேங்க். உரம் வாங்க, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட, வீட்டில் ஒரு விசேஷம் என்றால் கடையில் முன்பணம் வாங்குவார்கள். பிறகு வாரா வாரம் போடும் காயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். யாருக்கு எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கடையின் உயிர். காய் அழுகினால் ஒருநாள் நஷ்டம், அந்தக் கணக்கு அழிந்தால் கடையே போச்சு.

முன்பு அங்கே ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். ஏலம் முடிந்து, காசு பட்டுவாடா முடிந்து, விளக்கு வைத்த பிறகு உட்கார்ந்து சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுவார். கம்ப்யூட்டர் வந்ததும் அவர் ஓய்வு பெற்றார். சொந்தக்காரப் பையன் ஒருவன் இஞ்சினியர். அவன் வந்து கணக்கு புரோகிராம் போட்டுக் கொடுத்தான். ராத்திரி ஒன்பதரைக்குக் கணக்கு முழுவதையும் வெளியே செருகியிருக்கும் ஒரு டிஸ்க்கில் தானாக நகல் எடுக்கும்படி டாஸ்க் ஷெட்யூலரில் வைத்தான். நல்ல வேலைதான் செய்தான். இரண்டு வருடம் ஒருநாள் தவறாமல் ஓடியது.

போன வருடம் வைகாசியில் கடைக்காரரின் மகன் காலேஜ் லீவுக்கு வந்தான். கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு கடையின் பெயராகவே இருப்பதைப் பார்த்து, "யாரும் கண்டுபிடிச்சிருவாங்கப்பா" என்று மாற்றினான். அவன் செய்ததும் சரிதான்.

ஆனால் உள்ளே நடந்தது என்ன? யாரும் கம்ப்யூட்டருக்குள் நுழையாமல் இருந்தாலும் வேலை ஓட வேண்டும் என்று டாஸ்க் ஷெட்யூலரில் குறித்தால், அது அந்த நேரத்துப் பாஸ்வேர்டை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். கடைப் பையனிடம் சாவி கொடுத்து வைப்பதுபோல. பூட்டை மாற்றியவன் பையனுக்குப் புதுச் சாவி கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. அன்று ராத்திரி ஒன்பதரைக்கு அது வந்து பழைய சாவியைப் போட்டுப் பார்த்தது, திறக்கவில்லை, குறித்துவைத்துவிட்டுப் போய்விட்டது. மறுநாளும் வந்தது. எட்டு மாதம் அப்படியே. கதவைத் தட்டவில்லை, யாரையும் கூப்பிடவில்லை.

தை மாதம் ஒருநாள் காலையில் கணக்கு வைத்திருந்த ஹார்டு டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றது. மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள், எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். "பேக்கப்தான் இருக்கே" என்று தைரியமாகத்தான் இருந்தார் கடைக்காரர். வெளி டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் கடைசி நகல் வைகாசியோடு நிற்கிறது. அப்புறம்தான் எனக்குப் போன் வந்தது.

நான் போனபோது விண்டோஸ் நன்றாகத்தான் இருந்தது. அது வேறு டிஸ்க்கில். ஷெட்யூலரைத் திறந்து அந்த வேலையின் வரியைப் பார்த்தேன். கடைசி முடிவு என்ற இடத்தில் ஒரு நீள எண். 'உள்ளே நுழைய முடியவில்லை' என்பது அதன் பொருள். அந்தத் திரையை இரண்டு வருடத்தில் யாரும் திறந்ததே இல்லை. ஏன் திறக்க வேண்டும்? தானாக நடக்கட்டும் என்றுதானே வைத்தது.

விவசாயிகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பில்லின் அடியில் முன்பணப் பாக்கி அச்சாகி வரும், கடைசி பில்லைக் கொண்டுவாருங்கள் என்று. நான் நாலு நாள் அங்கே உட்கார்ந்திருந்தேன். சிலர் கொண்டுவந்தார்கள். சிலருடைய பில் துவைத்த சட்டைப் பையில் கூழாகியிருந்தது. ஒரு வயதான அம்மா மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட கட்டு, எட்டு மாத பில்லும் ஒன்று விடாமல். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அந்த அம்மா சொன்னது இது: "எம் மவன் படிச்சவன், வாசிச்சுப் பாத்துட்டுத் தூக்கிப் போட்டுருவான். எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே அண்ணாச்சி, அதான் எல்லாத்தையும் வச்சிருக்கேன்."

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. பில் இல்லாதவர்களிடம் பேச்சு வந்தது. கடைக்காரர் நினைவில் பதினெட்டாயிரம், அவர்கள் சொல்வது பதினோராயிரம். யாரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆளுக்கொரு மாதத்தை நினைவில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். நடுவில் ஒரு தொகையைப் பேசி முடித்தார்கள். ஆனால் இரண்டு குடும்பங்கள் அதற்குப் பிறகு காயை வேறு கடைக்குக் கொண்டுபோகிறார்கள். அப்பா காலத்திலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் பேசுகிறார்கள், கடைப் பக்கம் வருவதில்லை.

மூன்றாம் நாள் பழைய கணக்கப்பிள்ளையைக் கூட்டிவந்தார்கள். எழுபது தாண்டியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பில்லாகப் பார்த்து எழுத ஆரம்பித்தார். நான் அவரிடம் ஷெட்யூலர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ராத்திரி அது எழுதுதுன்னு சொல்லுதிய, சரி. காலைல யாரு பாத்தா?"

நாலு நாளாக நான் யோசித்துக்கொண்டிருந்ததை அவர் ஒரு கேள்வியில் கேட்டுவிட்டார். அவர் பேரேட்டில் ஏற்றியபோது இரண்டு வேலை நடந்தது. ஒன்று எழுதுவது. இன்னொன்று, எழுதும்போதே பார்ப்பது. "இந்த ஆளுக்கு மூணு வாரமாக் காய் வரலியே", "இந்தத் தொகையில ஒரு சைபர் கூடிருக்கே" என்று கண்ணில் படும். எழுதுவதை மிஷினிடம் கொடுத்தோம். பார்ப்பதும் அதோடு சேர்ந்து போய்விட்டது. மிஷின் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இடையில் யாருடைய கையிலும் இல்லாமல் கிடந்தது.

சின்னக் கடை, அதனால் இப்படி என்று நினைக்க வேண்டாம். கிட்லேப் என்று உலகம் முழுவதும் புரோகிராம் எழுதுபவர்கள் பயன்படுத்தும் ஒரு நிறுவனம். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு இஞ்சினியர் தவறுதலாக முக்கியமான தகவல் தளத்தையே அழித்துவிட்டார். சரி, நகலிலிருந்து எடுப்போம் என்று போனால், தினமும் தானாக எடுத்திருக்க வேண்டிய நகல் அங்கே இல்லை. நகல் எடுக்கும் மென்பொருளின் பதிப்பும் தகவல் தளத்தின் பதிப்பும் ஒத்துப்போகாமல் வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. க்ரான் அதைச் சொல்லி மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது. அந்த அஞ்சல்கள் முறையாகச் சான்றளிக்கப்படாதவை என்று வாசலிலேயே திருப்பப்பட்டிருக்கின்றன. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது, சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறு ஒரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல். அந்த ஆறு மணி நேரத்துத் தகவல் போனது போனதுதான். நடந்தது அத்தனையையும் ஒளிக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். அதற்காக அவர்களை மதிக்க வேண்டும்.

மழைமானியிலும் இதே கதை உண்டு. வானிலைத் துறையின் கணக்குப்படி மழையைத் தினமும் காலை 8.30-க்கு அளக்க வேண்டும். ஆள் போய் அளந்தால் புனலில் இலை அடைத்திருப்பது கண்ணில் படும். தானியங்கி மானியில் இலை அடைத்தால், சாரல் கொட்டிக்கொண்டிருக்கும்போதே அது 0 என்று எழுதும். வெயில் நாளின் பூஜ்யமும் அடைபட்ட பூஜ்யமும் தாளில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? டாஸ்க் ஷெட்யூலரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வீட்டில் தினமும் ஓடுகிறது. வைப்பவர்கள் இவற்றைக் கவனியுங்கள்.

1. மடிக்கணினியில் வைத்தால், 'மின்சாரத்தில் செருகியிருந்தால் மட்டும் ஓடு' என்ற நிபந்தனை தானாகவே டிக் ஆகியிருக்கும். சார்ஜர் செருகாத நாளில் வேலை நடக்காது. தேவையென்றால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

2. ஒன்பதரைக்குக் கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறது என்றால் அன்றைய வேலை போய்விடும். 'நேரம் தவறினால் முடிந்தவுடன் ஓடு' என்று ஓர் இடம் இருக்கிறது. அது டிக் ஆகாமல்தான் வரும், நாம்தான் போட வேண்டும். லினக்ஸில் க்ரானும் தவறிய வேலையைத் திரும்பிப் பார்க்காது. அதற்கு அனாக்ரான் என்று தனியாக ஒன்று உண்டு. கடைசியாகச் செய்து எத்தனை நாளாயிற்று என்று பார்த்து, விட்டதைச் செய்யும்.

3. பாஸ்வேர்டை மாற்றுங்கள், தப்பில்லை. மாற்றிய அன்றே ஷெட்யூலரில் அந்த வேலையைத் திறந்து புதுப் பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

4. முடிவு எண்ணைப் பார்க்கப் பழகுங்கள். பொதுவாக 0 என்றால் நலம். ஆனால் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகல் கருவி அதற்கு மாறானது. நகல் எடுத்து வெற்றியாக முடிந்தால் 1 சொல்லும். 0 என்றால் புதிதாக எடுக்க எதுவுமே இல்லை என்று அர்த்தம். 8, அதற்கு மேல் என்றால் கோளாறு. கடை நடந்த நாளில் 0 வந்தால்தான் கவலைப்பட வேண்டும்! என் மாணவர்களுக்கு நான் பூஜ்யத்தைப் பற்றி இவ்வளவு சொன்னதில்லை.

5. நகல் இருக்கிறது என்பதும் நகல் திறக்கிறது என்பதும் வேறு வேறு. மாதம் ஒருநாள் வைத்துக்கொள்ளுங்கள், அமாவாசையானாலும் சரி. நகலிலிருந்து ஒரு கணக்கைத் திறந்து, ஒரு ஆளின் பாக்கியைப் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொரு நகலைக் கடைக்கு வெளியே, வீட்டு பீரோவில் வையுங்கள்.

இந்த ஐந்தையும் விட முக்கியமானதை அந்தக் கடையில் செய்தோம். நகல் எடுக்கும் நேரத்தை ராத்திரி ஒன்பதரையிலிருந்து மாலை ஏழே காலுக்கு மாற்றினோம். கடையில் ஆள் இருக்கும் நேரம். நகல் எடுத்து முடிந்ததும் பிரிண்டரிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். அன்றைய தேதி, அன்றைக்கு எத்தனை பில், நகலில் எத்தனை பில். கல்லாவில் இருக்கும் பையன் இரண்டு எண்ணையும் பார்த்து, பில் குத்தும் கம்பியில் அதைக் குத்த வேண்டும். குத்தாமல் ஷட்டரை இறக்கக் கூடாது. அவ்வளவுதான் ஏற்பாடு.

தப்பு நடந்தால் சொல்லு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவைப்பது மட்டும் போதாது. சொல்ல வேண்டிய வாயே அடைத்துப்போகலாம், கிட்லேபில் அடைத்ததுபோல. நல்லபடியாக நடந்தால் தினமும் ஒரு வார்த்தை சொல்லு என்று வைத்தால், அந்த வார்த்தை வராத அன்றைக்கே நமக்குத் தெரிந்துவிடும். பால்காரர் வராத அன்றைக்குத்தானே "என்னாச்சு, உடம்பு சரியில்லையோ?" என்று போன் போடுகிறோம்?

போன மாதம் புளியங்குடி போயிருந்தேன். கம்பியில் சீட்டுகள் கனமாகச் சேர்ந்திருந்தன. நடுவில் ஒரு தேதி இல்லை. கேட்டேன். "அன்னைக்கு ஏழேகாலுக்குச் சீட்டு வரல சார். பையன் ஷட்டர இறக்காம எனக்குப் போன் போட்டான். வெளி டிஸ்க்கு ஒயர் கழண்டு கெடந்துச்சு. மாட்டிட்டு எடுத்தோம், சீட்ட எங்கயோ வச்சுட்டான்" என்றார். பையனைக் கூப்பிட்டேன். சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்துக் கொடுத்தான். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வேலைக்கு வந்த பையன். அவனுக்கு ஷெட்யூலரைத் திறந்து காட்டினேன், முடிவு எண்ணை எப்படி வாசிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு தடவை அவனே திறந்து பார்த்துக்கொண்டான்.

நண்பர்களே, உங்கள் கம்ப்யூட்டரிலும் யாராவது ஒரு புண்ணியவான் இப்படி ஒரு வேலையை வைத்துக்கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அது இன்னும் ஓடுகிறதா என்று இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள். வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடி பக்கத்துக் கடைக்காரர்கள் யாருக்காவது பார்க்கத் தெரியவில்லை என்றால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், இருப்பேன். வரும்போது அந்த வெளி டிஸ்க்கையும் கையோடு கொண்டுவாருங்கள். முதலில் அதைத் திறந்து, கடைசித் தேதி என்ன என்று பார்த்துவிடுவோம்.